இரண்டாவது துளையில் தெரிந்த களிமண்

பக்கத்து வீட்டுக்கு ஐந்தடி ஆழத்தில் அஸ்திவாரம் போட்டார்கள், நமக்கும் அது போதும் என்றார் மேஸ்திரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. மண் பரிசோதனைக்கு ஒரு குழுவை வரவழைத்தேன்.

மனையின் எதிரெதிர் மூலைகளில் 10 மீட்டர் ஆழத்துக்கு இரண்டு துளைகள் போட்டார்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒரு தடவை எஸ்.பி.டி. சோதனை, மண் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பது. 63.5 கிலோ சுத்தியலை ஏறக்குறைய 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, மாதிரிக் குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுகிறது என்று எண்ணுகிறார்கள். முதல் 15 செ.மீ. துளை போட்டதில் கலைந்த மண், அதைச் சேர்ப்பதில்லை. மீதி 30 செ.மீ.க்கு விழுந்த அடிகள்தான் ‘என்’ (N) மதிப்பு. கயிறு இழுப்பவர் களைத்துப்போய் உயரத்தைக் குறைத்தால் அடிகள் கூடிவிடும், இளகிய மண்கூட அறிக்கையில் கெட்டியாகத் தெரியும். இந்தக் குழுவில் சுத்தியலின் உயரத்தைக் கவனிக்க மட்டுமே ஒருவர் நின்றார், கடைசி அடி வரை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

முதல் துளையில் 3 மீட்டரில் ‘என்’ 18. இரண்டாவதில் அதே ஆழத்தில் வெறும் 4, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் களிமண். அஸ்திவாரத்தின் பாரம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணை அழுத்தும் என்று பொறியாளர் விளக்கினார். ஐந்தடியில் நிறுத்தியிருந்தால் அந்த மூலை மட்டும் இறங்கி, சுவர் விரிசல் விட்டிருக்கும். என்னைக் கேட்டுக்கொண்டு நடுவில் மூன்றாவது துளையும் போட்டார். களிமண் மாதிரிகளை ஈரம் போகாமல் குழாயின் இரு முனையிலும் மெழுகு வைத்து அடைத்து எடுத்துப் போனார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நீர்மட்டத்தைத் துளை போட்ட அன்றே குறித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தார்கள். களிமண்ணில் தண்ணீர் மெதுவாகத்தான் ஊறும். நான் விடாமல் கேட்டதால் மறுநாள் வந்து அளந்தார்கள், ஒரு மீட்டர் மேலே ஏறியிருந்தது. சல்பேட், குளோரைடு சோதனைகளையும் நான் கேட்ட பிறகுதான் சேர்த்தார்கள். கான்கிரீட்டையும் கம்பியையும் அரிக்கிற சமாச்சாரம், கேட்காமலே செய்திருக்க வேண்டும். பத்து நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை மூன்று வாரம் கழித்து வந்தது.

அப்புறம், அறிக்கையில் புரியாத இடங்களைப் பொறியாளர் அரை மணி நேரம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இப்போது வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகையாகப் போடும் ராஃப்ட் அஸ்திவாரத்துக்கு வரைபடம் தயாராகிறது. தம்பி மனைக்கும் இவர்களையே அழைக்கப்போகிறேன், மறுநாள் நீர்மட்டத்தையும் அந்த இரண்டு சோதனைகளையும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டு.