ஒன்பது ஆண்டுகளாக ஒரு கல்வெட்டு வாசிப்பு வட்டத்தில்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. 2016 முதல் அந்த இரண்டு மணி நேரம் தமிழி (தமிழ் பிராமி) என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளுக்கு உரியது. பள்ளித் தமிழாசிரியரான நான், ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் நடத்தும் வட்டத்தில் சேர்ந்து ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆறேழு பேர்தான் இருப்போம். முன்பு அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். 2020-க்குப் பிறகு கணினித் திரையில் கூடுகிறோம். இடையில் ஏழெட்டுக் கருத்தரங்குகளுக்கும் போய் வந்தேன். சேரலாமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் சில வாரங்கள் கடினம்தான். பழைய குகைக் கல்வெட்டுகளில் 'மாகான' என்று வெட்டியிருப்பதை 'மகன்' என்று படிக்க வேண்டும். அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே கோடு. கோடில்லாத எழுத்து மெய். இடம் பார்த்துத்தான் குறிலா நெடிலா என்று முடிவு செய்ய முடியும். இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்க வந்ததுதான் புள்ளி. 'மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்' என்ற தொல்காப்பிய நூற்பாவை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அப்படி ஒரு விதி ஏன் தேவைப்பட்டது என்பது வட்டத்தில் இதைப் படித்த ஒரு மாலையில்தான் புரிந்தது. அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

எங்கள் வட்டத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. "முதலில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள் தம்பி, நினைப்பதைப் பிறகு சொல்லலாம்" என்பார் வட்டத்தை நடத்தும் ஐயா. வாரம் ஒருவர் மைப்படியை, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒட்டி மையால் எடுத்த படியை, பார்த்து எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அச்சிட்ட பாடத்தைத் திறக்கக் கூடாது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் 2003-இல் வெளியிட்ட தமிழிக் கல்வெட்டுகளின் பெருந்தொகுப்பு எல்லோரிடமும் இருக்கிறது. கடைசி அரை மணி நேரத்தில்தான் அதை எடுப்போம்.

இந்தக் கட்டுப்பாட்டின் அருமையைப் புகளூரில் உணர்ந்தேன். கரூருக்கு அருகே ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர் செங்காயபன் உறைவதற்காக வெட்டிய கல் அது: 'கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆக அறுத்த கல்'. மூன்று தலைமுறைச் சேரர்கள் ஒரே பாறையில் நிற்கிறார்கள். பதிற்றுப்பத்தின் ஏழு, எட்டு, ஒன்பதாம் பத்துகளின் தலைவர்கள் இவர்களே என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. நானும் அப்படியே ஒப்பித்தேன். கூட இருந்த வரலாற்று மாணவி ஒன்பதாம் பத்தின் பதிகத்தை, அதாவது பாட்டுடைத் தலைவனைப் பற்றிய குறிப்புச் செய்யுளை, எடுத்து வைத்தார். அதில் அந்தப் பத்தின் தலைவன் இளஞ்சேரல் இரும்பொறை, குட்டுவன் இரும்பொறையின் மகன் என்று இருக்கிறது. கல்லோ இளங்கடுங்கோவைப் பெருங்கடுங்கோனின் மகன் என்கிறது. பாட்டைக் கொண்டு கல்லைத் திருத்துவதா, கல்லைக் கொண்டு பதிகத்தை ஐயுறுவதா என்று நான்கு வாரம் பேசினோம். முடிவு கிடைக்கவில்லை. ஆனால் 'பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து' என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் மூலத்தைத் தேடி என் கை போகிறது.

கருத்தரங்குகள் வேறு வகை. நான் போன ஒன்றில் தொடக்க விழா மட்டும் இரண்டரை மணி நேரம். பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை என்று நீண்டு, பதினைந்து நிமிடம் என்று சொல்லியிருந்த என் கட்டுரைக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். இரவு பஸ்ஸில் வந்திருந்த இளம் ஆய்வாளர் ஒருவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டு இறங்கினார். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கல்வெட்டைத் தேடி மலை ஏறியவரை இப்படி நடத்துவது பெருங்குற்றம் என்றே கருதுகிறேன்.

இருந்தும் போகச் சொல்வேன், தேநீர் இடைவேளைக்காகவே. ஒருமுறை ஒரு நடுகல்லின் படத்தைக் காட்டி, அதில் உள்ள ஓர் எழுத்தை 'ற' என்று வாசித்திருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒருவர் வெளியே வந்து, தன் செல்பேசியில் அதே கல்லின் இன்னொரு படத்தைக் காட்டினார். இரவில் விளக்கைப் பக்கவாட்டில் தரையோடு பிடித்து எடுத்த படம். சாய்வெளிச்சத்தில் உளி வெட்டிய கோட்டின் விளிம்பு கூராகத் தெரிந்தது. நான் எழுத்தின் கால் என்று நினைத்தது விளிம்பே இல்லாத வெறும் வெடிப்பு. ஆறு மாத உழைப்பு அந்த ஒரு படத்தில் திருந்தியது. மறு வாரமே வட்டத்தில் எல்லோரும் கைவிளக்கு வாங்கினோம்.

தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ்களை வரிசையாகப் படித்துவிட்டுக் கருத்தரங்குக்குப் போனால் பலன் இரட்டிப்பாகும். யார் எதைக் கண்டுபிடித்தார்கள் என்பது தெரிந்தால்தான் அவர்களிடம் கேட்கக் கேள்வி இருக்கும். சான்றிதழுக்காக மட்டும் போவதென்றால் பயணச் செலவை மிச்சப்படுத்திப் புத்தகம் வாங்கலாம்.

இணையவழிக்கு மாறியதில் இழப்பு உண்டு. மைப்படித் தாளை விரலால் தடவிப் பார்க்க முடிவதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் சிங்கப்பூரிலிருந்து ஒருவரும் சேர்ந்தது பெரிய வரவு. ஆண்டுக்கு இரண்டு முறையாவது மலையடிவாரத்தில் நேரில் கூட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சேர விரும்புகிறவர்களுக்குப் பட்டம் தேவையில்லை. எங்களில் ஒருவர் தையற்கடை வைத்திருக்கிறார். எழுத்தின் வளைவைப் பார்ப்பதில் அவர் கண்ணுக்கு ஈடில்லை. வாரம் தவறாமல் வர முடியுமா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டு வந்தால் எழுத்தமைதி, அதாவது எழுத்துகளின் வடிவம், மனதில் தங்காது.

இப்போது பூலாங்குறிச்சிக்கு வந்திருக்கிறோம். கோச்சேந்தன் கூற்றன் என்ற மன்னன் காலத்துக் கல்வெட்டு. தமிழி, வளைந்த வடிவுடைய வட்டெழுத்தாக உருமாறும் கட்டம் என்பதால் பழகிய எழுத்துகளே அடையாளம் மாறி நிற்கின்றன. வரும் ஞாயிறு என் முறை. மைப்படியின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.