பச்சிளம் குழந்தையின் தோல் கொப்புளங்கள்: முதலில் பயாப்ஸியா (தோல் துணுக்குச் சோதனை), மரபணுச் சோதனையா?

பிறந்த இரண்டாம் நாளே தொட்ட இடமெல்லாம் தோல் கொப்பளித்து உரிகிறது என்றால், அபூர்வ நோயைத் தேடுமுன் ஹெர்பிஸ் வைரஸ் தொற்றையும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா தொற்றையும் பார்த்துவிட வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். தலைப்பிலுள்ள கேள்வி அதற்கு அப்புறம்தான்.

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா (லேசாக உரசினாலே தோல் கொப்பளிக்கும் மரபணு நோய்) என்று தோன்றினால் என் ஓட்டு பயாப்ஸிக்கு. கண்ணால் பார்த்து வகை சொல்வது ஆபத்து. பிறந்த வாரத்தில் லேசான வகையும் பயங்கரமாகத் தெரியும். எடுத்த தோலை ஒளிரும் ஆன்டிபாடிகளை (குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டுபவை) கொண்டு பார்த்தால், தோல் எந்த அடுக்கில் பிரிகிறது, எந்தப் புரதம் குறைகிறது என்று சில நாட்களில் தெரிந்துவிடும். மேல்தோலுக்குள் பிரிந்தால் சிம்ப்ளெக்ஸ், அடித்தளச் சவ்வில் என்றால் ஜங்ஷனல், அதற்கும் கீழே என்றால் டிஸ்ட்ரோபிக். தோல் அடுக்குகளைப் பிணைக்கும் லாமினின் 332 என்ற புரதம் அறவே இல்லையென்றால் அது கடுமையான ஜங்ஷனல் வகை. பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை. பெற்றோரிடம் பேசுமுன் மருத்துவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். பழைய கொப்புளம் உதவாது: அடியில் புதுத்தோல் வளர்ந்து, பிரிந்த அடுக்கையே மாற்றிக் காட்டும். பென்சில் ரப்பரால் மெல்லத் திருகிப் புதிதாக எழுப்பிய கொப்புளத்தின் ஓரத்தில் எடுக்க வேண்டும். வழக்கமான பயாப்ஸிக்குப் பயன்படும் ஃபார்மலினில் பழக்கத்தில் போட்டுவிட்டால் மாதிரி வீண். ஒளிரும் ஆன்டிபாடிச் சோதனைக்கு மிஷெல் கரைசல் என்ற தனித் திரவம் வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் நுட்பமானது, ஆனால் அதைப் படித்துச் சொல்ல ஆள் அரிது.

மரபணுச் சோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். ஆனால் முடிவு வரப் பெரும்பாலும் வாரக்கணக்காகும். அதன் பலம் வேறு. டிஸ்ட்ரோபிக் வகைக்குக் காரணமான ஏழாம் வகை கொலாஜன் மரபணுவின் பழுது ஓங்கு முறையிலும் (ஒரு பிரதி பழுதானாலே நோய்) வரும், ஒடுங்கு முறையிலும் (இரு பிரதிகளும் பழுதானால்தான் நோய்) வரும். அடுத்த குழந்தைக்கு 25 சதவீத வாய்ப்பா, வேறா என்பதை மரபணுதான் திட்டமாகச் சொல்லும்.

கொலோடியன் சவ்வோடு (உடலை மூடிய, பளபளக்கும் இறுக்கமான படலம்) பிறக்கும் குழந்தைக்குப் பயாப்ஸியால் பெரும்பாலும் பயனில்லை; நேராக மரபணுதான். இன்கான்டினென்ஷியா பிக்மென்டி (கோடுகோடாகக் கொப்புளம் வரும் இன்னொரு மரபணு நோய்) இதற்கு நேர்மாறு. பெரும்பாலானோரிடம் மரபணுவின் ஒரே பெரிய துண்டுதான் காணாமல் போயிருக்கும். ஆனால் அதே சாயலில் ஒரு போலி மரபணுவும் பக்கத்தில் இருப்பதால், பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் வழக்கமான பேனல் சோதனை அதைத் தவறவிடலாம். அதற்கென்றே வடிவமைத்த பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) கேட்க வேண்டும். கோடுகோடாகப் படர்ந்த கொப்புளத்தில் எடுத்த பயாப்ஸியில் ஈசினோபில்கள் (ஒருவகை வெள்ளை அணுக்கள்) குவிந்திருப்பது அதுவரை கைகொடுக்கும்.

புல்லோசா குழந்தைக்குப் பயாப்ஸி எடுக்கும் அன்றே ரத்தத்தையும் அனுப்பிவிடுவது நல்லது. மரபணு அறிக்கையில் அர்த்தம் தெளிவாகாத மாற்றம் ஒன்று வந்தால், அதை எடைபோட அந்தப் பயாப்ஸிதான் துணை. ஒன்று மட்டும்: ஊசி குத்திய இடத்தில் சாதாரண பிளாஸ்திரி கூடாது. பிய்க்கும்போது தோலும் கூடவே வரும்.