ஒரு வெர்ஷன் நம்பர மாத்த மூணு வருஷம்: ஜேடாம், ஸ்டாக்ஸ் ரெண்டும் பாவிச்ச அனுபவம்

தலவாக்கலையிலருந்து ஒரு தம்பி போன கெழமை கோல் எடுத்தான், "அண்ணே, மேவன் ப்ளக்இன் ஒன்னு எழுதுறேன், போம் பைல வாசிச்சு வெர்ஷன மாத்தி திரும்ப எழுதணும், எந்த லைப்ரரி எடுக்க?"ன்னு. மேவன்னா ஜாவா கோட்ட கட்டித் தர்ற கருவி, போம்னா ஒவ்வொரு மொடியூலுக்கும் அது வாசிக்கிற எக்ஸ்எம்எல் பைல். ரெண்டு வார்த்தைல சொல்லிட்டு வச்சிட்டேன், ஆனா மனசு கேக்கல, இந்த ஒரு விஷயத்துல நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்ல, அதான் எழுதுறேன்.

அட்டன்ல ஒரு கடைக்கு மேல ரூம் எடுத்து மூணு பேரா வேலை செய்றோம். 43 மொடியூல். ரிலீஸ் அன்னைக்கு எல்லா போம்லயும் வெர்ஷன் மாறணும், அதுக்குத்தான் சொந்தமா ஒரு ப்ளக்இன்.

வாசிக்க மட்டும்னா யோசிக்கவே வேணாம், மேவனோட மொடல் ரீடரே போதும். கரைச்சல் எல்லாம் எழுதும்போதுதான். அதே மேவனோட ரைட்டரால எழுதினா கமெண்ட் அத்தனையும் காணாமப் போயிரும். சரின்னு ஜாவாவோட வாற டாமுக்குப் போனேன், எக்ஸ்எம்எல் முழுசையும் மெமரில ஒரு மரமா கட்டி வைக்கிறது அது, வேற லைப்ரரி ஜார் ஒன்னும் தேவையில்ல, அது பெரிய நல்லது. ஆனா அட்ரிபியூட் எல்லாத்தையும் அகர வரிசைல அடுக்கிடும், ஜாவா 9க்கு அப்புறம் இன்டென்ட் போட்டு எழுதினா ஒவ்வொரு தடவையும் இடையில வெத்து வரி கூடிக்கிட்டே போகும். ரெண்டு மாசத்துல விட்டேன்.

அப்புறம் ஜேடாம் 2, அதுவும் மரமா கட்டுற ஒரு ஜாவா லைப்ரரிதான். கோட் எழுத இவ்வளவு சுகமா வேற எதுவும் இல்ல, இத மனசாரச் சொல்றேன். டேக் எந்தக் குடும்பம்னு சொல்ற நேம்ஸ்பேஸ குடுக்காம, உள்ள இருக்குற டேக்க கெட்சைல்ட் போட்டுக் கேட்டா நல், அதாவது ஒன்னுமில்லன்னு வரும், அது ஒரு நாள் அடிபட்டா பழகிரும்.

ஆனா முதல் ரிலீஸ் அன்னைக்கு ராத்திரி பண்டாரவளையில இருந்து டிஃப், அதாவது பழைய பைலுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம், பாக்குற அக்கா மெசேஜ் போட்டாங்க, "தம்பி, நீ மாத்தினது ஒரு நம்பர் தானே, ஏன் முழு பைலும் செவந்து கிடக்கு?" பாத்தா 43 பைலும் மேல இருந்து கீழ வரைக்கும் செவப்பு. ஜேடாம் வரி முடிவ டிஃபால்ட்டாவே விண்டோஸ் மாதிரி போட்டு எழுதுது, எங்க பைல் எல்லாம் லினக்ஸ் வரி முடிவு. லைன் செப்பரேட்டர யுனிக்ஸ்னு மாத்தினேன், ஃபோர்மட்ட ரோ, அதாவது இடைவெளிய அப்படியே விடுன்னு ஆக்கினேன், செவப்பு கொறஞ்சுது. கொறஞ்சுதே தவிர நிக்கல. ப்ராஜெக்ட் டேக்க நாங்க மூணு வரியா ஒடிச்சு வச்சிருக்கோம், அது அத ஒரே நீள வரியா ஆக்கிடும். ரிலேட்டிவ்பாத்ங்கிற டேக்க வெறுமையா மூடி வச்சிருந்தா சாய்கோட்டுக்கு முன்னால ஒரு ஸ்பேஸ் சேத்து எழுதும். ஒரே ஒரு ஸ்பேஸ்! அந்த ஸ்பேஸுக்காக நான் இழந்த சனிக்கிழமைய யாரு திருப்பித் தருவா. பழைய டேக்க ஸ்ட்ரிங்கா எடுத்து வச்சு, எழுதினதுக்கப்புறம் வெட்டி ஒட்டினேன், அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தேன். நியாயமாச் சொன்னா இது ஜேடாமோட குத்தம் இல்ல, டேக்குக்குள்ள இருக்குற இடைவெளிய வழக்கமான எக்ஸ்எம்எல் பார்ஸருங்க ஞாபகம் வச்சுக்கிறதில்ல, எக்ஸ்எம்எல் பார்வைல அது ஒரு தகவலே இல்ல. இருந்தாலும் டிஃப் பாக்குற மனுசிக்கு அதுதான தகவல்.

போன வருஷம் கடைசியா வுட்ஸ்டாக்ஸ் போட்டேன், ஸ்டாக்ஸ்ங்கிற ஜாவா முறைப்படி எக்ஸ்எம்எல்ல வாசிக்கிற லைப்ரரி அது. மரமே கட்டுறதில்ல, நிகழ்வு நிகழ்வா நகந்து போய் வெர்ஷன் எழுத்து எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு இடத்த மட்டும் எடுக்குறேன், மிச்சத்த தொடாம மூல ஸ்ட்ரிங்ல அந்த இடத்த மட்டும் மாத்துறேன். எங்க போம்ல தமிழ்ல கமெண்ட் இருக்கு, யூடிஎஃப் 8ல தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொன்னும் 3 பைட், அதனால இன்புட் ஸ்ட்ரீம் குடுக்காத, முழுசா ஸ்ட்ரிங்கா வாசிச்சு ஸ்ட்ரிங்ரீடர் குடு, ஸ்டாக்ஸ் விதிலயே ஸ்ட்ரீமுக்கு பைட் கணக்கு, ரீடருக்கு எழுத்து கணக்குன்னு இருக்கு. முதல் ஓட்டத்துல டிஃப்ல 43 பைல், பைலுக்கு ஒரே வரி. அக்கா ஒரு தம்ஸ்அப் போட்டாங்க. வெளிய மழையும் பனியும், நான் அந்தப் பச்ச வரியையே பாத்துக்கிட்டு பிளேன்டீ ஆறிப்போற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

ஆனா தம்பி, நீ ஜேடாம்லயே தொடங்கு. வுட்ஸ்டாக்ஸ்ல பெற்றோர் டேக் எது, டிபெண்டன்சிக்குள்ள இருக்குற வெர்ஷனா ப்ராஜெக்ட்டோட வெர்ஷனான்னு எல்லாம் நீயே ஸ்டாக் வச்சுக் கணக்குப் பாக்கணும், அந்தக் கோட்ட ஆறு மாசம் கழிச்சு தொட எனக்கே பயமா இருக்கு. நாளைக்கு புதுசா ஒன்னு எழுதச் சொன்னாலும் என் கை ஜேடாமுக்குத்தான் போகும். ஜேடாம் 2.0.6ல எக்ஸ்டர்னல் என்டிட்டி ஓட்டை, அதாவது எக்ஸ்எம்எல் வழியா வெளி பைல உள்ள இழுக்க விடுற பாதுகாப்பு ஓட்டை ஒன்னு 2021ல பதிவாகியிருக்கு, அதனால 2.0.6.1 எடு. லைன் செப்பரேட்டர மறக்காத. முதல் டிஃப்ப எனக்கு அனுப்பு, பாத்துட்டு சொல்றேன்.