கூடலூர் முக்கில் ஒரு பி.எஸ்சி.: மூன்றா, நான்கா, ஐந்தா?

கூடலூரில் பஸ் ஏறினால் ஒரு ரோடு நடுவட்டம் வழியாக ஊட்டிக்குப் போகும். இன்னொன்று தொரப்பள்ளி, முதுமலை தாண்டி மைசூருக்கு. மற்றொன்று பாட்டவயல் வழியாக கேரளத்தின் சுல்தான் பத்தேரிக்கு. மூன்று ரோடு, மூன்று மாநிலம். ஒரே பி.எஸ்சி. தாவரவியலுக்கு இந்த மூன்று ரோட்டிலும் வேறு வேறு கணக்கு என்பது, அண்ணன் மகள் பிளஸ் டூ முடித்து வீட்டில் பேச்சு ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கர்நாடகம் 2021-ல் நான்காண்டுப் பட்டத்துக்கு மாறியது. 2024-25 கல்வியாண்டில் மறுபடி மூன்றுக்கே வந்துவிட்டது. கேரளம் நேர்மாறு, 2024 ஜூலையில்தான் நான்காண்டுக்குள் நுழைந்தது. தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவே இல்லை என்பதால் இங்கே அரசுக் கல்லூரிகளில் எப்போதும்போல மூன்று. மூன்றே வருஷம்தான் என்றால் மைசூரு வரை எதற்கு? அந்த ரோடு முதல் நாளே கழன்றுவிட்டது.

அண்ணனுக்குப் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர் கேட்டது ஒன்றுதான்: "நாலாவது வருஷம் படிச்சா கூட என்ன கிடைக்கும்?" மகள் கேட்டது வேறு: "அத்தை, ஆனர்ஸ்னா என்ன?" கோத்தகிரியில் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுக்கிறவள் நான். என்னாலேயே சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

காரணம், அது ஒரே பொருள் உள்ள சொல் இல்லை. தாத்தா காலத்தில் 'பி.ஏ. ஆனர்ஸ்' என்றால் ஊரில் தனி மரியாதை. இன்டர்மீடியட் (அந்தக் காலத்து பிளஸ் டூ மாதிரி) முடித்து மூன்று வருஷம் ஒரே பாடத்தில் முங்கிக் கிடப்பது அந்தப் பழைய சென்னைப் பல்கலைக்கழக ஆனர்ஸ். பின்னாளில் நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-ல் இயற்பியலில் முடித்தது அதைத்தான். ஆஸ்திரேலியாவில் ஆனர்ஸ் என்பது மூன்று வருஷப் பட்டம் கையில் வந்தபின் தனியாக ஒரு வருஷம்: ஒரு வழிகாட்டி, ஒரு ஆய்வு, கடைசியில் ஓர் ஆய்வேடு. அதில் முதல் வகுப்பு வாங்கியவர் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்குப் போகலாம். அதையும் விசாரித்துப் பார்த்தேன். விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2,000 ஆஸ்திரேலிய டாலர், ஒரு வருஷச் செலவுக்குக் கையில் 29,710 டாலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். அண்ணன் தேநீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நம் நாட்டில் இப்போது ஆனர்ஸ் என்று சொல்வது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 டிசம்பரில் கொண்டுவந்த கட்டமைப்பு. மூன்று வருஷம், 120 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பலகு) முடித்தால் சாதாரணப் பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பலாம். நான்காவது வருஷமும் இருந்து 160 முடித்தால் ஆனர்ஸ். அந்த நான்காவது வருஷத்திலும் இரண்டு ரகம் உண்டு. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களுக்கு 'ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ்', அதில் 12 கிரெடிட்டுக்கு ஆய்வேடு. மற்றவர்கள் அந்த 12 கிரெடிட்டுக்கு ஆய்வுக்குப் பதில் கூடுதல் பாடங்கள் படிப்பார்கள். இந்த இரண்டாவது ரகத்துக்காக ஒரு வருஷம் செலவழிப்பது வீண் என்பது என் கட்சி. பாடம்தான் படிக்கவேண்டும் என்றால் எம்.எஸ்சி.யிலேயே படிக்கலாமே.

ஊட்டி ரோடு

1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி, ஜான் சல்லிவன் கட்டிய பழைய 'ஸ்டோன் ஹவுஸ்' வளாகத்தில் இருக்கிறது. ஊட்டியில் வெள்ளைக்காரர் கட்டிய முதல் பங்களா அது. இங்கே மூன்று வருஷம் பி.எஸ்சி., பிறகு இரண்டு வருஷம் எம்.எஸ்சி. அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் பெரிய சுமையாக இருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பட்டப்படிப்பு முடியும்வரை வரும். தமிழ்நாட்டு இடஒதுக்கீடும் இங்கேதான் செல்லும். பாட்டவயல் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்.

குறை எது என்றால் ஆய்வுக்குக் கிடைக்கிற நேரம். இதை நான் அனுபவித்தே சொல்கிறேன், நான் படித்தது வேறு கல்லூரி என்றாலும். எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு, கோத்தகிரிப் பக்கம் ஒரு சோலை (மலை மடிப்பில் தானாக வளர்ந்த காடு) ஓரத்தில் மரக்கன்றுகளை எண்ணினேன். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் நைலான் கயிற்றுச் சதுரம், நான்கு மூங்கில் குச்சி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை (வாட்டில்) மரத்துக்கு அடியில் இருபது சதுரம், சோலைக்குள் இருபது. பேனாவால் எழுதினால் மூடுபனியில் மை ஊறிவிடும், அதனால் பென்சில். கணுக்காலுக்குப் புகையிலைத் தண்ணீர் தடவியும் அட்டை ஏறும்.

எட்டாவது சதுரத்தில் குனிந்தபோது கொஞ்சம் குழம்பிப்போனேன். சீகை வந்தால் சோலை அழியும் என்றுதான் எல்லாரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கேயோ சீகையின் நிழலிலேயே, உதிர்ந்த இலைக்கு நடுவில், சோலை மரத்துக் கன்றுகள் விரல் உயரத்துக்கு நின்றன. எண்ணி எழுதினேன். ஒன்பதாவதிலும் இருந்தன, பத்தாவதிலும். ஏன் என்று கேட்க நேரமில்லை. காட்டுக்குள் போக அனுமதிக் கடிதம் வேண்டும். அதற்கு நான் விண்ணப்பித்ததே தாமதம், கடிதம் கைக்கு வந்தபோது செமஸ்டரில் பாதி போயிருந்தது. என் கைடுக்குக் கீழே என்னையும் சேர்த்து பதினோரு பேர். ஐந்து முறைதான் அவரிடம் உட்கார்ந்து பேசியிருப்பேன். ரெக்கார்டைக் கட்டி பைண்டிங் போட்டுக் கொடுத்தேன், வைவாவில் இரண்டு கேள்வி, முடிந்தது. அந்த 'ஏன்' இன்னும் அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அதனால்தான் நான்காம் வருஷம் என்றதும் எனக்கு ஒரு சபலம். அந்த 'ஏன்'னைத் துரத்த முழுதாக ஒரு வருஷம்!

பத்தேரி ரோடு

வீட்டிலிருந்து பார்த்தால் ஊட்டியைவிடப் பத்தேரிதான் கிட்ட. கூடலூரிலிருந்து ஊட்டிக்கே 50 கிலோமீட்டர் மலை ஏற வேண்டும், பந்தலூர்க்காரர்களுக்கு அதற்கு மேலும் தூரம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலையாளம் புதிதில்லை, பாதிப் பேர் வீட்டிலேயே இரண்டு மொழியும் ஓடும். ஹாஸ்டல் இல்லாமல் போய்வரலாம் என்பதே பெரிய மிச்சம். நான்கு வருஷம் முடித்து ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸும் வாங்கிவிட்டால், 2022 நவம்பர் யுஜிசி விதிப்படி நேராக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். நெட் (தேசியத் தகுதித்) தேர்வும் எழுதலாம். அதில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இந்தக் கணக்கைக் கேட்டதும் அண்ணன் முகத்தில் வெளிச்சம்.

அந்த வெளிச்சத்தில் நான்தான் தண்ணீர் ஊற்றினேன். நான்காண்டுப் பட்டத்தோடு பிஎச்.டி.க்குப் போக 75 சதவீதம் வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு ஐந்து சதவீதச் சலுகை. எம்.எஸ்சி. வழியாகப் போனால் 55 போதும். 75-க்கும் 55-க்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள் விழுவார்கள் என்பதை வகுப்பில் நிற்கிறவர்களிடம் கேட்டால் தெரியும். முதல் செமஸ்டரில் வீட்டு நினைப்பிலும் புதிய ஊர்ப் பழக்கத்திலும் கொஞ்சம் சறுக்கினால், அதை மீதி ஐந்து செமஸ்டரும் சுமக்க வேண்டும்.

75 எட்டவில்லை என்றால்? ஓராண்டு எம்.எஸ்சி. இருக்கிறது என்பார்கள். நான்காண்டு முடித்தவர்களுக்கு யுஜிசி அப்படி வழி வைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இரண்டு வருஷம்தான். திரும்பி வந்து இங்கே படித்தால் நான்கும் இரண்டும் ஆறு.

வேலை விஷயத்தில் நான் இன்னும் கறார். இங்கே டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியாக முதுகலை ஆசிரியர் ஆக முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் என்றாலும் முதுகலைப் பட்டம் இல்லாமல் கதவு திறக்காது, அதோடு நெட்டோ, மாநில அளவிலான செட் தேர்வோ, பிஎச்.டி.யோ வேண்டும். வெறும் ஆனர்ஸ் பட்டத்தை நீட்டினால், "எம்.எஸ்சி. எங்கம்மா?" என்றுதான் கேட்பார்கள். மலையை விட்டு இறங்கி ஆராய்ச்சிக்கே போகிறவளுக்கு இது பொருட்டில்லை. ஊருக்குத் திரும்பி வர நினைக்கிறவளுக்கு இதுதான் எல்லாமே.

நல்லது கெட்டதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரு நாள் அவளைப் பத்தேரிக்கே அனுப்பினேன். கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: நான்காவது வருஷம் ஒரு கைடுக்கு எத்தனை பேர்? சாயங்காலம் வந்து சொன்னாள்: "அத்தை, முதல் பேட்ச் 2027-லதான் நாலாவது வருஷத்துக்கே வருமாம். அப்பதான் தெரியும்னாங்க." நேர்மையான பதில். தவறு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சோறு எப்படி இருக்கும் என்று தெரியாத கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியிருக்கிறது.

ஐந்து வருஷம்

ஐசரை (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நான் ஒப்பீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கினேன், ஏனென்றால் மற்ற இரண்டையும் அது ஒரே அடியில் சாய்த்துவிடும். ஐந்து வருஷம், பி.எஸ்.-எம்.எஸ். இரட்டைப் பட்டம், கடைசி வருஷம் ஆய்வுக்கு. எம்.எஸ். என்று கையில் இருப்பதால் வேலைக்கான தகுதியும் உண்டு, ஆய்வுக்கு முழு நேரமும் உண்டு. நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரமும் திருப்பதியும். பெங்களூரு ஐஐஎஸ்சியின் (இந்திய அறிவியல் கழகம்) நான்காண்டு ஆராய்ச்சிப் பட்டமும் இந்த வரிசைதான்.

நுழைவுத் தேர்வுதான் மலை. ஐசர் நடத்தும் ஐஏடி தேர்வில் 60 கேள்வி: உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. உயிரியல் மட்டும் தெரிந்தவள் அங்கே கால்வாசிதான் தெரிந்தவள். கூடலூர்ப் பக்கம் இதற்குப் பயிற்சி கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. அவள் எழுதியிருக்கிறாள். கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகட்டும், வங்கிக் கடனைப் பற்றி அப்புறம் பேசலாம். முத்தோரையில் மலைச் சரிவிலேயே சாய்த்துக் கட்டிய ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு இயற்பியல் பைத்தியம் பிடிக்கும் பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு. அவர்களுக்கும் என் பதில் இதேதான்.

கிடைக்காவிட்டால் ஊட்டி என்றேன். கோடை விடுமுறை ஒவ்வொன்றிலும் என்னோடு சோலை ஓரம் வந்து சதுரம் போடட்டும். அனுமதிக்கு இரண்டாம் வருஷமே எழுதிப் போடட்டும். கிழக்குச் சரிவில் ஐப்பசி, கார்த்திகை மழை, கூடலூர்ப் பக்கம் ஆனி, ஆடி மழை. இரண்டு சரிவிலும் பார்க்க ஒரு வருஷம் போதாது, நிதானமாக ஐந்து வருஷம் பார்க்கலாம். எம்.எஸ்சி. வரும்போது கேள்வி கையில் தயாராக இருக்கும். கைடுக்குப் பதினோரு பேர் என்றாலும் தாங்கும்.

75, 55, 120, 160 என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விரல் விட்டு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கொடைக்கானல்ல குறிஞ்சி 2018-ல பூத்துச்சுல்ல?"

"ஆமா. அடுத்தது 2030."

"2026-ல பத்தேரில சேர்ந்தா 2030 நடுவுல ஆனர்ஸ் முடிஞ்சு வெளிய வந்துருவேன். குறிஞ்சி பூக்கறதே அதுக்கப்புறம்தான். ஊட்டின்னா அப்ப எம்.எஸ்சி. ரெண்டாவது வருஷம், புராஜெக்ட் டைம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஊட்டி விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தேன்.