கோஹெமா, எல்ட்ஸா? மோசல் கரையில் இரு கோட்டைகள்

ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் ஒரு நாள் மட்டுமே தங்க முடிந்தவர்கள், கோஹெம் என்ற சிற்றூரின் குன்றிலுள்ள ரைக்ஸ்புர்க் கோட்டைக்குப் போவதா, காட்டுக்குள் இருக்கும் எல்ட்ஸ் கோட்டைக்குப் போவதா எனத் தயங்குவது இயல்பே. இவ்விரண்டின் தலையெழுத்தும் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஒரே போரில் பிரிந்தது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை 1689இல் கோஹெம் கோட்டையைத் தகர்த்தது. எல்ட்ஸ் குடும்பத்தவர் ஒருவர் அதே படையில் அதிகாரியாக இருந்ததால், அவர்களுடைய கோட்டை தப்பியது.

இடிபாடாகக் கிடந்த கோஹெம் கோட்டையை 1868இல் பெர்லின் வணிகர் லூயி ரவெனே விலைக்கு வாங்கி, இடைக்காலக் கட்டடங்களைப் பின்பற்றும் நவகோதிக் பாணியில் எழுப்பினார். எனவே இன்று நாம் காணும் கோபுரங்களும் கூடங்களும் பெரும்பாலும் இடைக்காலத்தின்மேல் 19ஆம் நூற்றாண்டு கொண்டிருந்த காதலின் வடிவங்களே. அவை அழகானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் வரலாற்றைத் தேடிப் போகிறவருக்கு அது மட்டும் போதாது.

எல்ட்ஸின் பெயர் 1157ஆம் ஆண்டு ஆவணத்திலேயே வருகிறது. இன்றும் அது அதே குடும்பத்தின் உடைமை. அக்குடும்பத்தின் மூன்று கிளைகள் ஒரே பாறையைப் பங்கிட்டுக்கொண்டதால், பக்கவாட்டில் இடமின்றி வீடுகள் மேல்நோக்கி வளர்ந்து, ஒரு குறுகிய முற்றத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. அவர்கள் கூடிப் பேசிய வீரர் மண்டபத்தில் விதூஷகர் முகங்கள் செதுக்கப்பட்டுள்ளன; இங்கே எவரும் மனத்தில் பட்டதைச் சொல்லலாம் என்பது அதன் பொருள். கதவின் மேலுள்ள ரோஜாவோ, பேசியது வெளியே போகக் கூடாது என்கிறது. பங்காளிகள் ஒரே மதிலுக்குள் வாழ்ந்த வாழ்க்கையை இவ்வளவு நேரடியாகக் காட்டும் இன்னொரு மண்டபத்தை நான் கண்டதில்லை. உள்ளே படமெடுக்க அனுமதி கிடையாது என்பதால், நின்று நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது.

வசதியைப் பொறுத்தவரை கோஹெமே மேல். கோப்லென்ஸ்–டிரியர் ரயில் பாதையிலேயே ஊர் இருக்கிறது. உணவகங்களும் திராட்சை மதுக் கடைகளும் ஆற்றங்கரையிலேயே உள்ளன. எல்ட்ஸுக்கோ மோசல்கெர்ன் நிலையத்தில் இறங்கி, காட்டு வழியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். குளிர்காலத்தில் அது மூடப்பட்டிருக்கும். முதியோருடன் செல்பவர்களும் குளிர்காலத்தில் செல்பவர்களும் கோஹெமையே தேர்ந்தெடுக்கலாம்.

நடக்க முடிந்தவர்களுக்கு என் பரிந்துரை எல்ட்ஸ்தான். இரு நிலையங்களும் ஒரே பாதையில் இருப்பதால், காலையில் எல்ட்ஸை உள்ளே சென்று பார்த்துவிட்டு, மாலையில் கோஹெமில் இறங்கி, அங்குள்ள கோட்டையை ஆற்றுப் பாலத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.