டர்போவா, ட்ரோக்கஸா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள், கண்ணாடியில் பாசி படர்ந்ததும் இந்த இரண்டு நத்தைகளில் எது என்றுதான் யோசிப்பார்கள். மெக்சிகன் டர்போ பெரிது, பசியும் பெரிது. முடிபோல் நீண்ட பாசியைக்கூட மேய்ந்துவிடும். ஆனால் சரியாக ஒட்டாத பவளத்துண்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும். அது குளிர்ந்த நீருக்குப் பழகியது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ஜனவரி கோடை வெக்கையில் தொட்டி 28 டிகிரிக்கு ஏறினால் அதிக நாள் தாங்காது.

ட்ரோக்கஸ் சிறியது, மெல்லிய பாசியைத்தான் வழிக்கும். மல்லாந்து விழுந்தாலும் தானே புரண்டுகொள்ளும். தொட்டியிலேயே இனம் பெருக்குவதும் உண்டு. என் ஓட்டு அதற்குத்தான்.

எதுவானாலும் சரி, உப்பளவு திடீரென மாறினால் நத்தைக்கு ஆகாது. மெல்லிய குழாய் வழியே தொட்டி நீரை, நத்தை வந்த பை நீரில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஒரு மணி நேரமாவது பழக்குங்கள். செம்பு கலந்த மீன் மருந்து போட்ட தொட்டியில் இரண்டுமே வேண்டாம்.