தனியாகச் சமைப்பவருக்கு இரண்டு லிட்டர் குக்கர்: ஒரு மதிப்பீடு

தனியாக வசிப்பவர் சமைப்பதைக் கைவிடுவது பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் நடக்கிறது. பணிமாற்றமாகியோ படிப்பதற்கோ வேறு ஊருக்குப் போகிறவரிடம், வீட்டிலிருந்த ஐந்து லிட்டர் குக்கரைத் துடைத்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் முதல் நாள் ஆசையாகச் சாம்பார் வைக்கிறார். அது மூன்று வேளைக்கு மேல் வருகிறது. மறுநாள் அதையே சூடுபடுத்திச் சாப்பிடுகிறார். மூன்றாம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்து அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததுமே பசி அடங்கிவிடுகிறது. கொட்ட மனம் வராது, சாப்பிடவும் பிடிக்காது. தெருமுனைக் கடையில் பரோட்டா வாங்கி வந்து அன்றைய இரவை முடித்துக்கொள்கிறார். இது சில முறை நடந்த பிறகு, “ஒரு ஆளுக்காக எதற்கு அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்” என்ற பேச்சு வந்துவிடுகிறது. இவரிடம் சோம்பலைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் பலன் இருக்காது. ஒரு வேளைக்குச் சமைத்து, அந்த வேளையிலேயே தீர்த்து, உடனே கழுவிக் கவிழ்த்துவிடக்கூடிய பாத்திரம் ஒன்று அவர் கையில் இருந்தால் சமைக்கும் எண்ணம் தானாகத் திரும்பிவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். திருச்சியில் தனியாக வசிக்கும் நான் நெடுநாளாகப் பயன்படுத்திவரும் இரண்டு லிட்டர் எவர்சில்வர் குக்கரை அந்த நோக்கிலேயே இங்கே மதிப்பிடுகிறேன். இந்த அளவில் பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் குக்கர் செய்கின்றன. ஆகவே நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, அளவையும் அமைப்பையும் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

முதலில், பெரிய குக்கரில் குறைவாக வைத்தால் போதாதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். போதாது. குக்கருக்குள் நீராவியின் அழுத்தம், வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கூடும்போது, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதிக்கிறது. பருப்பு விரைவில் குழைவதற்குக் காரணம் அதுதான். ஐந்து லிட்டர் குக்கரில் அரை டம்ளர் அரிசி வைத்தால், மிஞ்சியிருக்கும் வெற்றிடம் முழுவதும் நீராவியால் நிரம்பிய பிறகே அழுத்தம் ஏறத் தொடங்கும். அதற்குள் அகன்ற அடியில் மெல்லிய படலமாகப் பரவியிருக்கும் உணவு அடிப்பிடிக்கிறது. அடிப்பிடிக்காமல் இருக்கத் தண்ணீரைக் கூட்டினால் சோறு கஞ்சியாகிறது. அரிசியைக் கூட்டினால் மிஞ்சிப்போகிறது. தனி ஆளின் சமையல் கெட்டுப்போவதில் கைப்பக்குவத்தின் பங்கைவிடப் பாத்திரத்தின் பங்கு பெரிது என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

இரண்டு லிட்டர் குக்கரில் இந்தக் கணக்கு சரியாக அமைகிறது. குக்கரின் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதும், நுரைத்துப் பொங்கும் அரிசி, பருப்பு போன்றவற்றைப் பாதிக்கு மேல் வைக்கக்கூடாது என்பதும் எல்லாக் குக்கர்களுக்கும் பொதுவான விதி. அதன்படி பார்த்தால், இதில் ஒரு நேரத்தில் ஒரு லிட்டர் அளவுக்குத்தான் பருப்பும் தண்ணீரும் வைக்கலாம். ஒருவருக்கு அது தாராளம். இருவருக்குக் கூடப் போதும். அதற்கு மேல் வைக்க இடமில்லை என்பதால் மீதம் விழுவதும் நின்றுவிடுகிறது.

இதில் நான் அடிக்கடி சமைப்பது பீர்க்கங்காய்க் கூட்டும் சோறும். இரண்டையும் ஒரே அடுப்பில் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம். பாசிப்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, குக்கரிலேயே வாசனை வரும் வரை இலேசாக வறுத்துக் கழுவிக்கொள்ள வேண்டும். அதன்மேல், தோலின் வரிகளை மட்டும் சீவி நறுக்கிய பீர்க்கங்காய், ஒரு கீறிய பச்சை மிளகாய், சிறிது மஞ்சள்தூள் ஆகியவற்றைப் போட்டு, காய் தண்ணீர் விடும் என்பதை நினைவில் வைத்து முக்கால் டம்ளர் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். நடுவில் ஒரு சிறிய வளையத்தை வைத்து, அதன்மேல் அரை டம்ளர் பொன்னி பச்சரிசியை ஒன்றேகால் டம்ளர் தண்ணீருடன் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்து மூட வேண்டும். அரை டம்ளர் என்பது ஏறக்குறைய 80 கிராம். அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்திருந்தால் நான்கு விசில் போதும்; அடுப்பை நிறுத்தி, ஆவி தானாக அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு கரண்டித் தேங்காய்த் துருவலையும் கால் கரண்டிச் சீரகத்தையும் அரைத்துக்கொண்டால், மூடியைத் திறந்ததும் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட்டு, கூட்டில் உப்பையும் அரைத்த விழுதையும் சேர்த்து ஒரு கொதி விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டலாம். காய் நறுக்குவது முதல் தட்டில் போடுவது வரை, அரிசி ஊறும் நேரம் நீங்கலாக, அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கழுவ வேண்டியவை குக்கர், கிண்ணம், மிக்ஸி ஜார், தாளிப்புக் கரண்டி, தட்டு ஆகியவையே. இரவு எட்டு மணிக்குக் களைத்து வீடு திரும்பும் ஒருவரைச் சமைக்க விடாமல் தடுப்பது, சமைப்பதைவிட அதற்குப் பின் தொட்டியில் குவியும் பாத்திரங்கள்தான். அந்தக் குவியல் இல்லாமல் போவதே இந்தக் குக்கர் செய்யும் பெரிய நன்மை.

ஒரு தனிநபர் ஒரு நாளில் எவ்வளவு காய் சாப்பிட வேண்டும் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் காய்கறியும் கீரையும் சேர்த்துச் சுமார் 400 கிராமும், பருப்பும் பயறும் சுமார் 85 கிராமும் இருக்க வேண்டும் என்கிறது. வெளியில் வாங்கிச் சாப்பிடும் பொட்டலத்தில் சோறு நிறைய இருக்கும். காய் ஒரு கரண்டிதான் இருக்கும். வீட்டில் வைக்கும் கூட்டில் கால் கிலோ பீர்க்கங்காய் ஒரே வேளையில் காணாமல் போகிறது. காலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிட்டுப் போனால், மாலையில் வந்து இதே குக்கரில் ஆறேழு விசில் விட்டுச் சுண்டல் தாளித்துவிடலாம். பெரிய குக்கரில் ஒரு கைப்பிடிக் கடலையை வேகவைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

சாமான் வாங்குவதையும் இந்த அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருச்சியில் தென்னூர் உழவர் சந்தையில் கால் கிலோ வாங்கலாம். உழவர் சந்தைத் திட்டம் 1999 இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. தனி ஆளுக்கும் அது நல்ல இடம். பூசணியைக் கீற்றாகவும், சாம்பாருக்கான காய்களைக் கலந்து கூறாகவும் தரும் கடைகளைத் தேடிப் பிடித்துவிட்டால், குளிர்சாதனப் பெட்டியில் காய் வாடிக் கிடக்கும் வேதனையும் குறையும். தேங்காய் மூடி வீணாவதுதான் தீராத தொல்லையாக இருந்தது. உடைத்த அன்றே முழுவதையும் துருவி ஃபிரீசரில் வைத்துவிடுவது என்ற வழக்கம் அதையும் தீர்த்துவிட்டது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை, இதன் அடி குறுகலானது. இரண்டு பர்னர் அடுப்பில் பெரிய பர்னரின்மேல் வைத்தால் தாங்கிகளின் மீது உறுதியாக அமராமல் ஆடுகிறது. சிறிய பர்னர்தான் இதற்கு ஏற்றது. தீயும் குக்கரின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறக்கூடாது. ஏறினால் கைப்பிடியின் பிளாஸ்டிக் சூடேறி, நாளடைவில் திருகு தளர்கிறது. இரண்டாவது, உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவு குறைவு என்பதால், ஒவ்வொரு விசிலிலும் வெளியேறும் ஆவி அந்தத் தண்ணீரில் கணிசமான பங்காகிவிடுகிறது. பெரிய குக்கரில் இரண்டு விசில் கூடுதலாக வந்தாலும் கவலையில்லை. இதில் அப்படி விட்டுவிட முடியாது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பதை விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

மூன்றாவது குறைதான் எனக்கு உண்மையில் வருத்தம் தருவது. இந்த அளவுக்கான கேஸ்கட் எளிதில் கிடைப்பதில்லை. பாத்திரக் கடைகளில் மூன்று லிட்டர், ஐந்து லிட்டர் குக்கருக்கான கேஸ்கட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. இரண்டு லிட்டருக்குக் கேட்டால், வரவழைத்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். குறுக்களவு ஏறத்தாழ ஒன்றுதானே என்று வேறு நிறுவனத்தின் கேஸ்கட்டைப் பொருத்துவது ஆபத்து. வெயிட்டுக்கும் சேஃப்டி வால்வுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். தனியாக வசிக்கும் முதியவர்களும் மாணவர்களும் பெருகிவரும் காலத்தில், சிறிய குக்கரை விற்பவர்கள் அதன் உதிரிப்பாகங்களையும் கடையில் கிடைக்கச் செய்ய வேண்டியது கடமை. அதுவரை, குக்கர் வாங்கும்போதே கூடுதலாக ஒரு கேஸ்கட்டையும் ஒரு சேஃப்டி வால்வையும் சேர்த்து வாங்கி வைத்துவிடுங்கள்.

இதில் இட்லித் தட்டு பொருந்தாது. பெரிய உருளைக்கிழங்கை நறுக்கித்தான் வைக்க வேண்டும். கீரையை எந்தக் குக்கரிலும் வைக்கக்கூடாது என்பது என் கொள்கை, நிறம் போய்விடுகிறது. ஆனால் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, குக்கரின் உடம்பையே சட்டியாகக் கொண்டு அரைக்கீரையைத் திறந்தபடி வேகவைத்து மத்தால் கடைந்துவிடலாம். கால் கிலோ ஆட்டுக்கறிக் குழம்பும், ஒருவருக்கான சீரகச் சம்பா பிரியாணியும் இதில் நன்றாகவே வருகின்றன.

வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அலுமினியக் குக்கர் விலை மலிவு, எடையும் குறைவு. ஆனால் புளியும் தக்காளியும் சேரும் குழம்பை அதில் வைத்தால் உலோகத்தோடு வினைபுரியும். தனி ஆள் குழம்பையும் இதே பாத்திரத்தில்தான் வைக்கப் போகிறார் என்பதால், எவர்சில்வரே ஏற்றது. அதிலும், அடியில் அலுமினியத் தகட்டை இடையில் வைத்து அழுத்திய வகையாக இருக்க வேண்டும். வெறும் மெல்லிய எவர்சில்வர் அடி சூட்டைச் சீராகப் பரப்பாமல் நடுவில் கருகச் செய்யும். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள், அந்த அடுப்புக்கு ஏற்ற அடி என்று குறிப்பிட்டிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது, அடியின் குறுக்களவையும் அளந்து பார்க்க வேண்டும். அது 12 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பல இண்டக்‌ஷன் அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணர்வதில்லை. மூடியில் உள்மூடி, வெளிமூடி என இரண்டு வகை உண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும் வரை உள்மூடியைத் திறக்க இயலாது என்பது அதன் சிறப்பு. வெளிமூடியைச் சுழற்றித் திறப்பது எளிது. வளையத்தையும் கிண்ணத்தையும் உள்ளே வைத்து எடுப்பதற்கும் வெளிமூடி வகையின் முழு வாய் வசதியாக இருக்கிறது. என்னுடையது வெளிமூடி வகை. எனினும் மூட்டுவலியோ மறதியோ உள்ள முதியவருக்கு வாங்குவதாக இருந்தால், அவரையே கடைக்கு அழைத்துச் சென்று இரண்டையும் திறந்து மூடிப் பார்க்கச் செய்வது நல்லது.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. வீட்டுக் குக்கருக்கான தரநிலை ஐ.எஸ். 2347. நடுவண் அரசின் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இந்த முத்திரை இல்லாத குக்கரை விற்பது சட்ட விரோதம். இணைய அங்காடிகளில் விலை மிகக் குறைவாகத் தெரிகிற சிறிய குக்கர்களின் படத்தைப் பெரிதாக்கி, முத்திரையும் அதன் கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தரமான எவர்சில்வர் குக்கர் இந்த அளவில் ஏறக்குறைய ரூ.1,500 முதல் ரூ.2,500 வரை விலையாகிறது. வெளியிலிருந்து வரவழைக்கும் சாப்பாட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், இந்தத் தொகையைத் திரும்ப எடுக்க அதிக நாள் ஆகாது. ஐந்து கிலோ சிறிய சிலிண்டரை வைத்துக்கொண்டு சமைப்பவர்களுக்கு எரிவாயுச் செலவும் குறையும்.

நாள்தோறும் மதியத்துக்கும் சேர்த்துக் காலையிலேயே சமைத்து டப்பாவில் எடுத்துச் செல்பவர்களுக்கும், வார இறுதியில் நண்பர்களோ பிள்ளைகளோ வந்து தங்கும் வீடுகளுக்கும் இது சிறிதாகத்தான் இருக்கும். அவர்கள் இரண்டு அடுக்குக் கிண்ணம் வைக்கக்கூடிய உயரமான மூன்று லிட்டர் குக்கரை வாங்குவதே சரி. அதற்குக் கேஸ்கட்டும் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும்.